வேதப்புத்தகத்தின் விலை

என் அம்மா பேரம் பேசாமல் வாங்கிய பொருள்கள் இரண்டுதான். ஒன்று மருந்து, இன்னொன்று வேதப்புத்தகம். மருந்துக் கடையில் பேரம் பேசினால் ஏதாவது பழைய மாத்திரையைத் தள்ளிவிட்டுவிடுவான் என்று பயம். வேதப்புத்தகத்துக்குப் பேரம் பேசினால் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று பயம்.

பேரம்தான் பேசமாட்டாளே தவிர, கணக்குப் பார்ப்பாள். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே போட்டிருந்த புத்தகக் கடையில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. மேசையில் இரண்டு வேதப்புத்தகங்கள் இருந்தன. ஒன்று பெரிய எழுத்து, கெட்டி அட்டை, சுற்றிலும் ஜிப். மற்றது கையடக்கம். தாள் மெலிசு, எழுத்து கடுகு போல. விலை முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். அம்மா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எய்யா, உள்ள இருக்க வசனம் ரெண்டுலயும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதாம்மா."

"பெறவு என்னத்துக்கு?"

சின்னதை வாங்கிக்கொண்டு வந்தோம். மிச்சமான பணம் என் டியூஷன் ஃபீஸில் சேர்ந்தது. அப்போது அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நாலைந்து வருடத்தில் அந்த எழுத்து அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது, கண்ணாடி போட்டும்கூட. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொள்வாள். சங்கீதம் மனப்பாடம் என்பதால் வாய் சரியாக அசையும். பக்கம் திருப்புவதுதான் எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அது எதனால் என்று எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது.

"வசனம் ஒண்ணுதான, பெறவு என்னத்துக்கு?" என்ற அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பின்னாளில் பைபிள் அச்சிட்ட கதைகளைத் தேடித் தேடி வாசித்தேன். இந்தக் கேள்வியை முதலில் கேட்டது என் அம்மா இல்லை. ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக அச்சுக்கூடங்களில் கேட்கப்பட்டு வந்த கேள்விதான் அது. சிலர் நல்ல பதில் கண்டுபிடித்தார்கள். சிலர் மாட்டிக்கொண்டார்கள்.

*

முதலில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரம். ஐரோப்பாவில் அசையும் ஈய எழுத்துகளால் அச்சான முதல் பெரிய நூல் யோஹான் குட்டன்பர்க்கின் லத்தீன் பைபிள். 1455 வாக்கில் முடிந்தது. ஏறத்தாழ 180 பிரதிகள் அச்சிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். முக்கால்வாசி காகிதத்தில், மீதி கன்றுத்தோலில். தோலில் அச்சிட்ட ஒரே ஒரு பிரதிக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் வேண்டும். ஒரு முழு மந்தையே ஒரு புத்தகம்.

1454 அக்டோபரில் ஃப்ராங்ஃபர்ட்டில் அதன் சில தாள்களைப் பற்றித் தெரிந்துகொண்டவர் ஏனியா சில்வியோ பிக்கோலோமினி. பின்னாளில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப் ஆனவர். அடுத்த மார்ச்சில் ரோமில் இருந்த ஒரு கார்டினலுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். எழுத்து அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலேயே நீங்கள் சிரமப்படாமல் வாசித்துவிடலாம் என்பது அதன் சாரம். அச்சிட்ட புத்தகம் ஒன்றைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அபிப்பிராயங்களில் இதுவும் ஒன்று. அதில் அவர் சொன்னது வாசிக்கிறவரின் கண்ணைப் பற்றி என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

சரி, குட்டன்பர்க் காசைத் தண்ணீராகச் செலவழித்து இதைச் சாதித்தாரா? செலவழித்தார். அது அவர் காசும் இல்லை. யோஹான் ஃபுஸ்ட் என்பவரிடம் எண்ணூறு, எண்ணூறு கில்டராக இரண்டு தடவை வாங்கியது. 1455-ல் வட்டியும் முதலுமாக 2026 கில்டர் கேட்டு ஃபுஸ்ட் வழக்குப் போட்டார். தீர்ப்பு குட்டன்பர்க்குக்குச் சாதகமாக இல்லை.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பைபிளின் ஆரம்பப் பக்கங்களில் ஒரு பத்திக்கு 40 வரி. பிறகு ஓரிடத்தில் 41. அதற்கப்புறம் பெரும்பாலும் 42. வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை மயிரிழை அளவு குறைத்து இரண்டு வரி கூடுதலாக நுழைத்திருக்கிறார். காகிதத்தையும் தோலையும் மிச்சப்படுத்தத்தான் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் நூறு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து பக்கம் மிச்சம். அதேபோல, தலைப்புகளைச் சிவப்பு மையில் தனியாக அச்சிட முதலில் முயன்று பார்த்தார். அதற்கு ஒரே தாளை இரண்டு முறை அச்சில் ஏற்ற வேண்டும். சில பக்கங்களோடு அதை விட்டுவிட்டார். சிவப்பு எழுத்தை வாங்குகிறவர்களே ஆள் வைத்துக் கையால் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆக, உலகமே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுகிற அந்தப் புத்தகத்தையும் சிக்கனம் பிடித்துத்தான் செய்திருக்கிறார்கள். இடைவெளியில் குறைத்தார், நிறத்தில் குறைத்தார். எழுத்தின் தெளிவில் கை வைக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் வாசிக்கலாம் என்ற பாராட்டு அதனால் கிடைத்தது.

*

எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதில் தப்புக்கணக்குப் போட்டால் என்ன ஆகும்? அதற்கு லண்டனுக்குப் போக வேண்டும்.

1631-ல் அரச அச்சாளர்களான ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் ஆங்கில பைபிளின் புதிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1611-ல் வந்த புகழ்பெற்ற ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பை முதன்முதலில் அச்சிட்டவரும் இதே பார்க்கர்தான். அந்த வேலைக்குப் போட்ட பெரும் முதலீடும், தொழில் கூட்டாளிகளோடு வருடக்கணக்கில் நடந்த வழக்குகளும் அவரைக் கடனாளியாக்கியிருந்தன. புதிய பதிப்பில் யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில், பத்துக் கட்டளைகளில், ஒரு மூன்றெழுத்துச் சொல் விட்டுப்போயிற்று. 'நாட்' என்ற சொல். விபசாரம் செய்யக் கூடாது என்று இருக்க வேண்டிய இடத்தில் விபசாரம் செய் என்று கடவுளே ஆணையிடுவதுபோல் ஆகிவிட்டது.

தமிழில் இந்தப் பிழை இவ்வளவு சுலபமாக நேராது. நம் மறுப்பு தனிச்சொல்லாக நிற்காமல் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'செய்யாதே' என்பதை 'செய்' ஆக்க வேண்டுமென்றால் அச்சுக் கோப்பவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு கொட்டாவி விட்டால் போதும்.

விஷயம் மன்னர் முதலாம் சார்லஸின் காதுக்குப் போனது. விசாரணை, மொத்தம் 300 பவுண்டு அபராதம், பிரதிகளைத் திரும்பப் பெற்று அழிக்க உத்தரவு. ஏறத்தாழ ஆயிரம் பிரதிகளில் தப்பிய சில இன்று 'பொல்லாத பைபிள்' என்ற பெயரில் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன. போட்டியாளர் யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்றும் ஒரு பேச்சு உண்டு. பார்க்கர் மீண்டு எழவில்லை. கடனுக்காகச் சிறைப்பட்ட நிலையிலேயே 1640-களின் நடுவில் இறந்துபோனார்.

எல்லோரும் சிரித்துவிட்டுப் போகிற கதை இது. என்னை யோசிக்க வைத்தது அந்தப் பிழை அல்ல, அன்றைய கேன்டர்பரி பேராயர் ஜார்ஜ் அபட் அதையொட்டிச் சொன்னதாகப் பதிவாகியிருக்கும் புகார். அவர் பங்குக்கு அவர் புலம்புகிறார்: முன்பெல்லாம் பைபிள் அச்சிடுவதென்றால் தேர்ந்த ஆட்கள் எழுத்துக் கோப்பார்கள், படித்த பெரியவர்கள் பிழை திருத்துவார்கள், தாளும் எழுத்தும் முதல்தரமாக இருக்கும். இப்போது தாள் மட்டம், கோப்பது பொடிப்பையன்கள், திருத்துகிறவர்களுக்குப் படிப்பே இல்லை.

நம் ஊர் அச்சகத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசுவது மாதிரியே இருக்கிறது, இல்லையா? அவர் சொல்வதில் ஒரு வரிசை உண்டு. தாளில் குறைத்தால் வாங்குகிறவர் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவார். பிழை திருத்துகிறவரின் கூலியைக் குறைத்தால் கடையில் யாருக்கும் தெரியாது. அட்டை பளபளப்பாகவே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய், விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாத்திராகமம் வரைக்கும் வாசித்து வந்தால்தான் தெரியும். அதற்குள் காசு கைமாறியிருக்கும்.

*

மலிவாகவும் செய்ய வேண்டும், பிழையில்லாமலும் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கவே நடக்காதா? நடந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில்.

கார்ல் ஹில்டெபிராண்ட் ஃபான் கான்ஸ்டைன் ஒரு பிரபு. 1710-ல் அவர் ஒரு சிறு வேண்டுகோளை அச்சிட்டு வெளியிட்டார். கடவுளின் வார்த்தையைக் குறைந்த விலையில் ஏழைகள் கைக்குக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் விஷயம். ஹாலேயில் அகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கே நடத்திவந்த அநாதை இல்லத்தையும் பள்ளிகளையும் ஒட்டி அந்த வேலை தொடங்கியது.

அவருடைய யோசனை எளிமையானது, ஆனால் செலவு பிடிப்பது. அந்தக் காலத்து அச்சகத்தில் சில பக்கங்களுக்கு எழுத்துக் கோத்து அச்சிட்டதும் ஈய எழுத்துகளைக் கலைத்து மறுபடி பெட்டிகளில் போட்டுவிடுவார்கள். அதே எழுத்துகளை வைத்து அடுத்த பக்கங்களைக் கோப்பார்கள். ஈயம் விலை கூடியது, அதனால்தான் இந்த ஏற்பாடு. மறுபதிப்பு வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டும். அதாவது மறுபடி கூலி, மறுபடி புதுப்பிழைகள். கான்ஸ்டைன் எழுத்துகளைக் கலைக்கவே வேண்டாம் என்றார். புத்தகம் முழுவதையும் கோத்து அப்படியே வைத்திருப்போம். தேவைப்படும்போதெல்லாம் எடுத்து அச்சிடுவோம்.

முழுப் பைபிளையும் அப்படி நிறுத்தி வைக்க லட்சக்கணக்கான ஈய எழுத்துகள் வேண்டும். முதலிலேயே பெரும்பணம் கொட்ட வேண்டும். நன்கொடை திரட்டினார், தன் பணத்தையும் போட்டார். 1712-ல் புதிய ஏற்பாடு வந்தது. விலை இரண்டு குரோஷன். சில்லறைக் காசு. சாதாரண கைவினைஞர் ஒருவர் வாங்கக்கூடிய விலை.

இதில் இன்னொரு ஆதாயமும் வந்தது. எழுத்துகளைக் கலைக்காததால், ஒரு பிழையை ஒருமுறை கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் அது திருத்தியதுதான். அடுத்த பதிப்பில் மறுபடி முளைக்காது. பதிப்புக்குப் பதிப்பு பிரதி சுத்தமாகிக்கொண்டே போகும். லண்டனில் மலிவு பிழையைக் கொண்டுவந்தது. ஹாலேயில் மலிவுக்காகச் செய்த ஏற்பாடே பிழையை விரட்டியது. வித்தியாசம் இதுதான்: பார்க்கர் தன் நெருக்கடியைக் கூலி குறைந்த பையன்கள் தலையில் இறக்கினார். கான்ஸ்டைன் ஏழை வாங்குவதற்கு முன்பே அந்தச் செலவைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

*

இதே ஹாலேயிலிருந்து ஒரு நூல் நேராக நம் கடற்கரைக்கு நீள்கிறது. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். ஃப்ராங்கேயின் வட்டத்தைச் சேர்ந்தவர். புதிய ஏற்பாட்டை 1711-ல் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார். அதற்கு நூற்று முப்பது வருடங்களுக்கும் மேல் முன்பே, 1578-ல், கொல்லத்தில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் அது பதினாறே பக்கம். சீகன்பால்க் கையில் இருந்தது ஒரு முழுப் புதிய ஏற்பாடு.

லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தைக் கப்பலேற்றியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். இயந்திரத்தோடு வந்த அச்சாளர் இந்தியாவைப் பார்க்காமலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து அனுப்பினார்கள், 1713-ல் வந்தன.

வந்து பார்த்தால் எழுத்துகள் பெரிது. தமிழைக் கண்ணால் பழகாதவர்கள் வார்த்தவை. ஙகரத்துக்கும் ஞகரத்துக்கும் இருக்கிற வளைவுகளையெல்லாம் பிடிக்க வேண்டுமானால் பெரிதாகத்தான் செய்தாக வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்போல. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் எங்கே போதும்? காகிதம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். எப்போது வரும், வருமா என்பதே நிச்சயமில்லை. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஹாலேயிலிருந்து வந்திருந்த யோஹான் காட்லீப் ஆட்லர் அந்த வேலையைச் செய்தார். லண்டன் நண்பர்கள் அனுப்பிய சீஸ் கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகட்டை உருக்கித்தான் எழுத்து வார்த்தார்கள் என்று ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வந்தது.

என் அம்மா கையில் இருந்த கடுகு எழுத்தின் பூர்வீகத்தை ஒருவிதத்தில் இங்கே பார்த்தேன். தரங்கம்பாடியில் அன்று எழுத்தைச் சிறிதாக்கியிருக்காவிட்டால் புத்தகமே வந்திருக்காது. அந்தச் சிக்கனத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்கும் ஒருவர் விலை கொடுத்திருப்பார் இல்லையா? ஓலைச்சுவடியில் பழகிய ஏதோ ஒரு கிழவரின் கண், மாலை வெளிச்சத்தில் அந்தச் சிறிய எழுத்தைத் தடவித் தடவிப் போயிருக்கும். எந்த மிஷன் கணக்குப் புத்தகத்திலும் அந்தச் செலவை எழுத இடம் இருந்திருக்காது.

*

வாங்குகிறவர் பக்கத்திலிருந்தும் ஒரு கதை சொல்ல வேண்டும். வேல்ஸ் நாட்டில் மேரி ஜோன்ஸ் என்ற ஏழை நெசவாளியின் மகள், வேல்ஷ் மொழி பைபிள் ஒன்றுக்காக ஆறு வருடம் காசு சேர்த்தாள். 1800-ல், பதினைந்து பதினாறு வயதில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நடந்து பாலா என்ற ஊரில் தாமஸ் சார்ல்ஸ் என்ற போதகரிடம் போய் வாங்கினாள். ஞாயிறு பள்ளியில் சொல்லிச் சொல்லி இந்தக் கதைக்குக் கை கால் நிறைய முளைத்துவிட்டது. ஆனால் அவள் வாங்கிய பிரதி இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. வேல்ஸ் மக்களுக்குப் பைபிள் வேண்டும் என்று சார்ல்ஸ் லண்டனில் போய்க் கேட்டதிலிருந்துதான் 1804-ல் பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டி தொடங்கியது. பெரும்பாலும் சும்மா கொடுப்பதைவிடக் குறைந்த விலைக்கு விற்பதே அவர்கள் வழக்கம். விலை கொடுத்து வாங்கியவர்தான் வாசிப்பார் என்று நம்பினார்கள்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது அந்தப் பெண்ணின் பக்தியைத்தான் வியக்கச் சொன்னார்கள். இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு சிறுமி ஆறு வருடம் சேர்த்தால்தான் கிடைக்கும் என்கிற விலையில் அதை வைத்திருந்தவர்கள் யார்?

*

காசைப் பற்றிப் பேசினாலே விசுவாசம் குறைந்துவிட்டது என்று நம் சபைகளில் ஓர் எண்ணம் உண்டு. சுவிசேஷங்களில் அப்படி இல்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுவே கேட்கிறார். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நளத தைலத்தை அவர் மீது ஊற்றுகிறாள். கூட இருந்தவர்கள் அங்கேயே அதற்கு விலை போடுகிறார்கள்: முந்நூறு தெனாரியம், விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே. ஒரு தெனாரியம் அன்று ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஆகக் கிட்டத்தட்ட ஒரு வருடச் சம்பாத்தியம். கணக்கு சரிதான். ஆனால் கணக்குப் போட்டவர்கள் வேறு, செலவழித்தவள் வேறு. இயேசு அவளை விடச் சொல்கிறார். ஆலயத்தில் இரண்டு காசு போட்ட விதவையைப் பார்த்தபோதும் அவர் எவ்வளவு என்று பார்க்கவில்லை, எதிலிருந்து வந்தது என்று பார்த்தார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மலிவு பாவமும் இல்லை, விலை கூடியது பக்தியும் இல்லை. குறைக்கும்போது யார் கணக்கில் குறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். குட்டன்பர்க் இடைவெளியில் குறைத்தார். பார்க்கர் பிழை திருத்துகிறவர் கூலியில் குறைத்தார். கான்ஸ்டைன் தன் கையிருப்பில் குறைத்துக்கொண்டார். தரங்கம்பாடியில் வழியில்லாமல் கண்ணில் குறைத்தார்கள். கன்வென்ஷன் பந்தலில் என் அம்மா தன் கண்ணில் குறைத்து என் டியூஷனில் சேர்த்தாள். அன்று அதை நான் சிக்கனம் என்று நினைத்தேன். அது காணிக்கை.

போன கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்குப் பெரிய எழுத்து வேதப்புத்தகம் ஒன்று வாங்கிப் போனேன். மடியில் வைத்துப் பிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள். பிறகு விரலை வைத்து ஒரு சங்கீதத்தை எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசித்தாள். பக்கம் திருப்பியது சரியான இடத்தில்.

வாசித்து முடித்துவிட்டு அட்டையைத் திருப்பி விலைச்சீட்டைத் தேடினாள். நான் முன்னாடியே கிழித்துவிட்டிருந்தேன்.

"எய்யா, எவ்வளவு ஆச்சி?"

"முந்நூறு ரூவாதாம்மா."

பத்துக் கட்டளையில் ஒன்றை நானும் மீறியாயிற்று. அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. அடுத்த சங்கீதத்துக்குப் பக்கத்தைத் திருப்பினாள்.